மேலே பார்த்த விசிறி

அத்தியாயம் 7

முதல் ஆறு அத்தியாயங்களில் என்னைப் பற்றி நானே கொஞ்சம் தாராளமாகப் பெருமையடித்துக்கொண்டேன். இந்த ஏழாவதை மட்டும் அண்ணி எழுதட்டும் என்று பேனாவை நீட்டிப் பார்த்தேன். "இது உங்க அத்தியாயம் தம்பி. நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதனால் எழுதுகிறேன். எழுத எழுதக் காது சுடுகிறது.

இந்தப் பக்கத்தில் புதிதாக நுழைகிறவர்களுக்கு நாலு வரி. அண்ணி என்பவர் என் அண்ணனின் மனைவி. இருபத்திரண்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், 'இது தானாகப் பிடித்த தீயா, ஆள் வைத்த தீயா' என்று பார்த்துச் சொல்கிற வேலையில் இருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறார். நான் அவருடைய உதவியாளன். வயது நாற்பத்தொன்று. ஸ்கூட்டர் ஓட்டுவேன், போட்டோ எடுப்பேன், கடிதம் எழுதுவேன், மீதி நேரத்தில் ஜோக் அடிப்பேன்.

கேஸ் இதுதான். ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் வரைபடம் ஒன்று போட்டிக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், ஊழியர்கள் வீட்டுக்குப் போன பிறகு, டிராஃப்ட்ஸ்மேனின் கம்ப்யூட்டரிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, நகல் எடுத்து, பழையபடி மாட்டி வைத்தோம். ஆர்க்கிடெக்டைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிராஃப்ட்ஸ்மேன் வந்து சுவிட்சைப் போட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, நிறைய நாற்றம். பவர் சப்ளை காலி. அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த இரும்புப் பெட்டி, மின்சாரத்தை வாங்கி மற்ற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்குமே, அது.

"நகல் எடுத்தது தெரியாம எவனோ ஆதாரத்தை எரிக்கப் பார்த்திருக்கான்" என்றார் ஆர்க்கிடெக்ட் போனில். எனக்கும் அது மிகப் பொருத்தமாகத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குற்றவாளியையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

குற்றவாளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். கம்ப்யூட்டர் மெக்கானிக். அந்தக் கட்டடத்திலும் பக்கத்துத் தெருவிலுமாக இது தவிர இன்னும் பதினோரு அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மடியில் ஒரு மாத்திரை டப்பா. ஞாயிறு, திங்கள் என்று ஏழு அறை போட்டிருக்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே மாத்திரைக்குப் பதில் ஸ்குரூக்கள்.

"உங்க கம்ப்யூட்டருக்குத் தினம் மூணு வேளை மாத்திரையா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. டிராஃப்ட்ஸ்மேன் சிரித்தார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

எரிந்த கம்ப்யூட்டர் மேஜை மேல் பக்கக் கதவு இல்லாமல் நின்றது. அதன் முன்னால் ஆர்க்கிடெக்டின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, ஒரு பென்சிலை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். அவர் பேசுவதைக் கேட்டால், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே அவர்தான், அடக்கத்தினால் வெளியே சொல்லாமல் இருக்கிறார் என்று தோன்றும்.

"பாருங்க மேடம். பவர் சப்ளையை எங்க மாட்டியிருக்காங்க? கீழ. சரி, இப்ப வர்ற பொட்டியில எல்லாம் கீழதான் மாட்டறாங்க, விட்டுடுவோம். ஆனா ஃபேன் எங்க பார்க்குது? மேல! கீழ பார்க்க வேண்டிய ஃபேனைத் திருப்பி மேல பார்க்க வெச்சிருக்காங்க. எரியாம என்ன பண்ணும்?"

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். பெட்டியின் அடித்தளத்தில், பின் மூலையில் பவர் சப்ளை உட்கார்ந்திருந்தது. அதன் விசிறி கம்பி வளையங்களுக்குப் பின்னாலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இதை மல்லாக்கப் படுக்க வெச்சிருக்கீங்களே, இதுக்கு முதுகு வலியா?" என்றேன் அந்த மெக்கானிக்கிடம்.

இந்த முறை மச்சானும் சிரித்தார். அந்தப் பெண் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். கண் கலங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் அடுத்த ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"சார், நான் காரணம் சொல்றேன்னு காலையிலேர்ந்து சொல்றேன். யாரும் கேக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

"காரணத்தைப் போலீஸ்ல சொல்லுங்க" என்றார் ஆர்க்கிடெக்ட். பிறகு அண்ணியிடம் திரும்பி, "மேடம், ரெண்டு மணிக்குக் கடிதம் எல்லாம் போயிடும். இந்தம்மா வேலை பார்க்கற பதினோரு ஆபீசுக்கும் எச்சரிக்கை. பக்கத்துல இருக்கற ரெண்டு ஆபீசுக்குக் காலையிலயே கொடுத்தாச்சு. மிச்சம் ஒன்பது கவர் ரெடி" என்றார்.

அண்ணியின் புருவம் ஏறியது. "என்ன கடிதம்?"

"உங்க உதவியாளர்தான் எழுதிக் கொடுத்தார். பிரமாதமா எழுதறார் மேடம்."

அண்ணி கையை நீட்டினார். ஒரு பிரதி வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் மறுபடி போன் செய்து, மெக்கானிக் பவர் சப்ளையைத் திருப்பி மாட்டியிருப்பதாக மச்சான் சொல்கிறார் என்று கேட்டதும் நான் அரை மணி நேரத்தில் எழுதி அனுப்பியது. அண்ணி அதைச் சத்தமில்லாமல் படித்தார். எனக்கு அது மனப்பாடம்.

'மேற்படி நபர் எங்கள் கணினியின் மின் வழங்கியைத் திட்டமிட்டே தலைகீழாகப் பொருத்தி, அது எரிந்துபோக வழிசெய்தார் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இனி அவருக்குத் தங்கள் கதவைத் திறப்பதும் மூடுவதும் தங்கள் விருப்பம்.'

"'திட்டமிட்டே'ன்னு எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டார் அண்ணி.

"ஒரு வேகத்துல வந்துடுச்சு அண்ணி."

அண்ணி கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடம் போய் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. ஃபேன் ஏன் மேல பார்க்குது?"

"கார்ப்பெட், மேடம்."

"என்ன?"

"இந்தக் கம்ப்யூட்டரை இப்பத்தான் மேஜை மேல தூக்கி வெச்சிருக்காங்க. எப்பவும் நிக்கறது அதோ, மேஜைக்குக் கீழ, கார்ப்பெட் மேல. பொட்டிக்கு அடியில காத்து வர ஓட்டை இருக்கு. ஃபேன் கீழ பார்த்தா அந்த வழியாத்தான் காத்தை இழுக்கும். கல் தரையா இருந்தா நானும் அப்படித்தான் மாட்டுவேன், அதுதான் நல்லது. இங்க அப்படி மாட்டினா காத்து வராது மேடம், கார்ப்பெட் பஞ்சுதான் வரும். அதனால மேல பார்த்து வெச்சேன்."

"கதை!" என்றார் மச்சான். "கம்பெனிக்காரன் கீழ பார்க்கணும்னுதான் பொட்டியைச் செய்யறான்."

அண்ணி எழுந்து பெட்டியின் பின்பக்கம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விரலால் எண்ணினார்.

"சார், ஒரு பவர் சப்ளைக்கு எத்தனை ஸ்குரூ?"

"நாலு" என்றார் மச்சான்.

"நாலும் சதுரமா இருக்குமா?"

"இல்ல, ஒண்ணு கொஞ்சம் தள்ளி இருக்கும். தப்பாத் திருப்பி மாட்டிடக் கூடாதுன்னு."

"அப்ப திருப்பி மாட்டினா ஓட்டை பொருந்தாது?"

"பொருந்தாது."

"இங்க நாலு ஸ்குரூவும் கச்சிதமா உட்கார்ந்திருக்கே. அதுக்கு மேலயும் ஓட்டை மிச்சம் இருக்கு. கம்பெனிக்காரன் ரெண்டு விதமா மாட்டறதுக்கும் ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கான். ஏன் சார்? அவனுக்குப் பொழுது போகலையா?"

மச்சான் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார்.

"இந்த ஆபீஸ்ல நீங்க மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

ஆர்க்கிடெக்டின் அறையில் ஒன்று இருந்தது. அதே கார்ப்பெட், அதே மாதிரிக் கருப்புப் பெட்டி, விசிறி மட்டும் கீழே பார்த்தது. நானும் டிராஃப்ட்ஸ்மேனும் அதை வெளியே இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்தோம். அடியில் இருந்த ஓட்டைகளைக் காணோம். சாம்பல் நிறத்தில் விரல் தடிமனுக்குப் பஞ்சு படிந்து, ஒரே தகடாக ஒட்டியிருந்தது. அண்ணி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். முழுசாக உரிந்து வந்தது.

"ஆகா! இதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாமே" என்றேன். இப்போது மச்சான் பக்கம் திரும்பிப் பரிகாசம் செய்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. காற்று அடிக்கிற பக்கம் சாய்கிற ஆள் நான்.

"அது வந்து... வீட்டுல சொல்லிடாதீங்க மாமா" என்று மச்சான் ஆர்க்கிடெக்டிடம் முணுமுணுத்தார்.

அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் ஆர்க்கிடெக்ட் விடுவதாக இல்லை.

"சரி, மாட்டினது சரின்னே வெச்சுக்குவோம். எரிஞ்சது எப்படி? சும்மாவா எரியும்?"

"நியாயமான கேள்வி" என்றார் அண்ணி. "திறந்து பார்த்துடலாம்."

பவர் சப்ளையைத் திறக்க அந்தப் பெண்ணிடமே சொன்னார். மச்சான் ஆட்சேபித்தார். அண்ணி காதில் வாங்கவில்லை. அந்தப் பெண் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டார்.

"உள்ள கரண்ட் தங்கியிருக்கும். ஒரு நாள் ஆயிடுச்சு, இருந்தாலும் யாரும் கை வைக்காதீங்க" என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

பெட்டியிலிருந்து பவர் சப்ளையை உருவி எடுக்க நாலு ஸ்குரூ கழற்றினார். நாலும் 'செவ்வாய்' அறைக்குள் போயின. மேல் மூடிக்கு இன்னும் நாலு. அவை 'புதன்' அறைக்கு. ஒவ்வொன்றையும் போடும்போது உதடு அசைந்தது. எண்ணுகிறார். மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். கருகிப்போன ஒரு மூலைக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. பெட்டியை ஒரு காகிதத்தின் மேல் மெல்லச் சாய்த்தார்.

'டிக்' என்று ஒரு சின்ன ஸ்குரூ காகிதத்தில் விழுந்து, அரை வட்டம் உருண்டு நின்றது. ஒரு பக்கம் கருகியிருந்தது.

ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள்.

"பார்த்தீங்களா! நான் சொன்னேன்ல!" என்றார் மச்சான்.

"உள்ள ஸ்குரூவைப் போட்டு எரிச்சிருக்காங்க" என்றார் ஆர்க்கிடெக்ட்.

"அடப்பாவமே" என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ ஒரு பாயை உதறினார்கள்.

"ஃபேன் மேல பார்க்கறதால மேலேர்ந்து விழுந்தது நேரா உள்ள போயிடும்" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "அது ஒண்ணுதான் இப்படி மாட்டறதுல இருக்கற ஆபத்து. எனக்குத் தெரியும். அதனாலதான் இந்த டப்பா. ஒரு ஸ்குரூவைக்கூட நான் பொட்டிக்குள்ள வைக்க மாட்டேன் மேடம்." பிறகு கையுறையோடு அந்த ஸ்குரூவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது ஹார்ட் டிஸ்க் ஸ்குரூ." கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்தார். "டிஸ்க்குக்கு நாலு போட்டிருந்தேன். இப்ப மூணுதான் இருக்கு."

"நீங்களே ஒண்ணை எடுத்து உள்ள போட்டிருக்கீங்க" என்றார் மச்சான்.

"எப்ப?" என்றார் அண்ணி. "இவங்க கடைசியா இந்தப் பொட்டியைத் திறந்தது எப்ப?"

"மூணு வாரத்துக்கு முன்னால. தூசி தட்ட" என்றார் டிராஃப்ட்ஸ்மேன்.

"அதுக்கப்புறம் நல்லா ஓடிச்சா?"

"சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நான்தான் வேலை பார்த்தேன் மேடம். ஒரு குறையும் இல்ல."

"அப்ப ஸ்குரூ உள்ள போனது சனிக்கிழமை மத்தியானத்துக்கும் திங்கட்கிழமை காலைக்கும் நடுவுல. ஆபீஸ் சாவி யார்கிட்ட இருக்கு?"

ஆர்க்கிடெக்ட் வாயைத் திறந்தார், டிராஃப்ட்ஸ்மேனைப் பார்த்தார், மூடிக்கொண்டார். "அதை அப்புறம் தனியாப் பேசுவோம் மேடம்" என்றார்.

"பத்து நிமிஷம் கொடுங்க" என்றார் அண்ணி. "தம்பி, வெளிய வாங்க."

வராந்தாவில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு உடைந்த நாற்காலியும் இருந்தன. அண்ணி நாற்காலியில் உட்காரவில்லை. என்னையும் உட்காரச் சொல்லவில்லை.

"ஸ்குரூ உருண்டுச்சே, அப்ப அந்த ரூமே கத்திச்சு. நீங்க மட்டும் ஜோக் அடிக்கல."

நான் உடைந்த நாற்காலியின் காலைப் பார்த்தேன்.

"என் கல்யாணத்துலேர்ந்து உங்களைப் பார்க்கறேன். உங்க அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்குக்கூட டாக்டர்கிட்ட ரெண்டு ஜோக் சொன்ன ஆள் நீங்க. இன்னிக்கு ஒரு ஸ்குரூவைப் பார்த்ததும் ஜன்னலைப் பார்க்கறீங்க."

"அண்ணி..."

"எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அதுவரைக்கும், பொட்டியைத் திறந்தவங்க யார் யார்னு மனசுல ஒரு லிஸ்ட் போட்டேனே, அதுல நம்ம ரெண்டு பேரையும் சேர்க்கவே இல்லை. அது என் தப்பு. இருபத்திரண்டு வருஷம் எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பேன், 'கடைசியா யாரு உள்ள போனது'ன்னு."

சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அவசரம். ஆர்க்கிடெக்ட் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய காலத்துப் பெட்டிகள். அவற்றில் பவர் சப்ளை மேலே, உச்சியில் இருக்கும். எது கை தவறினாலும் அடித்தகட்டில் வந்து கிடக்கும், விரலால் தடவி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கத்தில், டிஸ்க்கின் நாலு ஸ்குரூவையும் பெட்டிக்குள்ளேயே ஒரு சர்க்யூட் அட்டையின் விளிம்பில் வரிசையாக வைத்தேன். டிஸ்க்கைத் திருப்பி மாட்டும்போது அட்டையில் கை பட்டது. 'டிங்' என்று சத்தம் கேட்டது. அடித்தகட்டில் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அடியில் இருந்த பவர் சப்ளையை நான் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. அதன் மேல் விசிறி திறந்து கிடக்கிறது, அதற்குள் போயிருக்கும் என்று மட்டும் தோன்றவில்லை. மூன்று ஸ்குரூ போதும், டிஸ்க் எங்கே ஓடிவிடப் போகிறது என்று கதவை மூடினேன்.

"திங்கட்கிழமை எரிஞ்சுதுன்னதும் உங்களுக்கு ஞாபகம் வரலையா?"

இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"லேசா வந்துச்சு அண்ணி. அதுவா இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஸ்குரூ உருள்ற வரைக்கும் அப்படியே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்படி நினைச்சுக்கிட்டுத்தான் அந்தக் கடிதத்தை எழுதினீங்களா?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் போய் இறுக்கி மூடினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள போய் நான் சொல்லப் போறதில்லை. நீங்கதான் சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

பத்து நிமிஷம் பொறுக்க முடியாமல் ஆர்க்கிடெக்டும் வராந்தாவுக்கு வந்துவிட்டார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"விடுங்க சார். மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். இதை வெளிய சொன்னா சனிக்கிழமை நாம டிஸ்க் எடுத்தது டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தெரிஞ்சுடும். விசாரணையே கெட்டுடும். கரண்ட் ஏறி இறங்கினதுல போயிடுச்சுன்னு சொல்லிடுவோம். மிச்சக் கடிதத்தை அனுப்பல. அந்தம்மாவும் வீட்டுக்குப் போகட்டும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

ஒரு கணம் எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அப்படியே தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது.

"காலையில ரெண்டு ஆபீசுக்குப் போன கடிதம்?" என்றார் அண்ணி.

"அது... நாலு நாள்ல மறந்துடுவாங்க மேடம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போனேன்.

அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தக் கருகிய ஸ்குரூவைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக்கொண்டிருந்தார். மச்சான் போனில் யாரிடமோ தன் திறமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சனிக்கிழமை இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தது நான். டிஸ்க்கை நகல் எடுக்கத் திறந்தேன். ஒரு ஸ்குரூவைக் கீழ போட்டேன். எரிஞ்சது அதனாலதான். இவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

மச்சான் போனை வைத்தார். டிராஃப்ட்ஸ்மேன் எழுந்து நின்றார்.

"என் கம்ப்யூட்டரையா? என் மேலயா சந்தேகம்?" என்று கேட்டார். காலையிலிருந்து என் ஜோக்குக்கெல்லாம் சிரித்த மனிதர்.

அந்தப் பெண் பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார்.

"விழுந்த சத்தம் கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு."

"தேடினீங்களா?"

"அடியில தேடினேன்."

"அடியில பவர் சப்ளைதானே இருக்கு."

"பழைய பொட்டியில மேல இருக்கும். அந்த நினைப்புல..."

"பொட்டியைத் தலைகீழாக் கவிழ்த்து நாலு தட்டு தட்டியிருந்தா வந்திருக்கும் சார். அதுவும் வேண்டாம். 'ஒரு ஸ்குரூவைக் காணோம், சுவிட்ச் போடாதீங்க'ன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தா, நான் வந்து எடுத்திருப்பேன்." அவர் குரல் ஏறவே இல்லை. "அவ்வளவு பெரிய கடிதம் எழுதினீங்களே சார். ஒரு சீட்டு எழுதியிருக்கலாமே."

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணி பிறகு சொன்னார், பார்க்கச் சகிக்கவில்லை என்று.

ஒன்பது கவரையும் ஆர்க்கிடெக்ட் மேஜையிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்தார். கிழித்துப் போட்டேன். கேஸ் இன்னும் எங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார். அண்ணி சரி என்றார்.

"அந்த ரெண்டு ஆபீசுக்கும் நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றேன்.

"நானும் வரேன்" என்றார் அந்தப் பெண். "நீங்க சொல்றதை நான் நேர்ல கேக்கணும்."

முதல் இடம் ஒரு பயணச் சீட்டு அலுவலகம். அங்கே மேனேஜர் கவரைப் பிரிக்கவே இல்லை. நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "அடடா, சரி சரி" என்று கவரைக் குப்பைத் தொட்டியில் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. இவ்வளவுதானா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது, மூக்குக் கண்ணாடிக் கடை. வரிசையாக நாலு பேர் உட்கார்ந்து பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே தடுப்புக்குப் பின்னால் கண்ணாடி அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உங்களை வர வேண்டாம்னு சொல்ல இருந்தேன்மா. வேற ஆளைக் கூப்பிட்டாச்சு."

"ஐயா, அந்தக் கடிதத்தை எழுதினவன் நான்தான்" என்றேன். "அதுல இருக்கறது பொய்."

"நீங்களா எழுதினது?" அவர் மேஜை டிராயரிலிருந்து கடிதத்தை எடுத்தார். "பிரமாதமா இருந்துச்சு சார். 'திறப்பதும் மூடுவதும் தங்கள் விருப்பம்'! கடையில எல்லாரையும் கூப்பிட்டு ரெண்டு தரம் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். எழுதினா இப்படி எழுதணும்னு சொன்னேன்."

கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆறு அத்தியாயமாக இந்தப் பாராட்டுக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அது கிடைத்த இடத்தில் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. குனிந்த தலையோடு சொன்னேன், ஸ்குரூவைப் போட்டது நான், இவர் வேலையில் ஒரு குறையும் இல்லை, எரிந்ததற்கு நான்தான் காரணம் என்று.

முதலாளி அந்தப் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, பார்ப்போம்" என்றார். கூப்பிட்ட புது மெக்கானிக்கை என்ன செய்வது என்று யோசிக்கிற முகம்.

நான் திரும்பிப் போகக் காலை எடுத்தேன். அந்தப் பெண் நகரவில்லை.

"சார், இன்னொரு தரம் சொல்லுங்க."

"என்னம்மா?"

"மெஷின் ஓடுது. உள்ள இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது. அவங்களுக்கும்தான் அந்தக் கடிதத்தைப் படிச்சுக் காட்டியிருக்காங்க. நாளைக்கு நான் அவங்க முகத்தைத்தானே பார்க்கணும்?"

முதலாளி உள்ளே பார்த்துக் கையைக் காட்டினார். மெஷின் நின்றது. தடுப்புக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அதைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, சார்" என்றார் மெக்கானிக்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.